பிள்ளைகளை ஒரு தரமாவது குகைக்குக் கூட்டிப்போங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

தவணை விடுமுறை நெருங்கினால் எங்கள் பக்கத்துப் பாடசாலைகளில் ட்ரிப் பேச்சுத் தொடங்கிவிடும். சீகிரியா, தம்புள்ளை, கண்டி, பேராதனைப் பூங்கா, தெஹிவளை மிருகக்காட்சிச்சாலை என்று ஒரு பாதை. இல்லாவிட்டால் பதுளை, எல்ல, இராவணா எல்ல நீர்வீழ்ச்சி, நுவரெலியா என்று இன்னொரு பாதை. நான் விஞ்ஞானம் படிப்பித்த காலத்திலும் இவைதான், இப்போதும் இவைதான். எல்லாம் நல்ல இடங்கள். அந்தப் பட்டியலில் ஒரு குகையையும் சேர்க்கவேண்டும் என்று கேட்கவே இதை எழுதுகிறேன். தம்புள்ளையும் குகைதானே என்று சிலர் சொல்லலாம். அது கோயிலான குகை. நான் சொல்வது கோயில், அரசன், எழுத்து, நெல்லு எதுவும் வருவதற்கு முன்னால், வெறும் மனிதர் நெருப்பு மூட்டி, வேட்டையாடியதைச் சுட்டுத் தின்று, செத்துப் புதைந்த குகையை. அப்படியான குகைகள் இந்த நாட்டில் இருக்கின்றன. உலகத்து ஆராய்ச்சியாளர்கள் அவற்றைத் தேடி வருகிறார்கள். எங்கள் பிள்ளைகள் போவதில்லை.

இந்த எண்ணம் எனக்குள் பலமாக விழுந்தது இங்கிலாந்தில். மகள் குடும்பம் அங்கே டெவன் பகுதியில் இருக்கிறது. நான் போயிருந்தபோது மருமகன் லீவு எடுத்து எங்களை டோர்க்கி என்ற கடற்கரை ஊருக்குக் கூட்டிப்போனார். அங்கே கென்ட்ஸ் கேவர்ன் என்று ஒரு குகை. காட்டுக்குள் தேடிப் போகத் தேவையில்லை. வீடுகள் இருக்கும் பகுதியில், மரங்கள் அடர்ந்த ஒரு சரிவில் வாசல் இருக்கிறது. டிக்கெட் எடுத்தால் ஒரு கூட்டமாகச் சேர்த்து, வழிகாட்டி ஒருவரோடு உள்ளே அனுப்புகிறார்கள். எங்களுக்கு வந்தவர் இளம்பெண். நான் போனது குளிர்காலம். வெளியே பல்லுக் கிட்டும் குளிர், உள்ளே போன கொஞ்ச நேரத்தில் சால்வையைக் கழற்றினேன். வருஷம் முழுக்க அந்தக் குகைக்குள் 14 பாகை செல்சியஸ்தானாம். மேலே இருக்கும் பாறையின் தடிப்பு வெயிலையும் பனியையும் உள்ளே விடுவதில்லை.

பாறை சுண்ணாம்புக்கல். இன்றைக்கு ஏறத்தாழ 38 கோடி வருஷத்துக்கு முன், அந்த நிலம் பூமத்திய ரேகைக்குத் தெற்கே ஒரு வெதுவெதுப்பான கடலின் அடியில் கிடந்த காலத்தில், பவளமும் சிப்பியும் படிந்து உண்டான கல். நிலவியலில் டெவோனியன் காலம் என்று படிக்கிறோமே, அந்தப் பெயரே இந்த டெவன் பகுதியிலிருந்து வந்ததுதான். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகிறது. அது பாறை வெடிப்புகளில் இறங்கிச் சுண்ணாம்பைக் கரைக்கிறது. அப்படிக் கரைந்த இடம்தான் குகை. அதே நீர் குகைக்குள் கூரையில் துளியாக நிற்கும்போது காபனீரொட்சைட்டைக் காற்றில் விட்டுவிடுகிறது. கரைந்திருந்த சுண்ணாம்பில் ஒரு துளியிலும் துளியளவு கல்லாகப் படிகிறது. யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்தால் கேத்தலின் உள்ளே வெள்ளைப் படை பிடிக்கும் அல்லவா, அதே சங்கதிதான் இங்கே நெருப்பில்லாமல், அவசரமில்லாமல் நடக்கிறது. கூரையிலிருந்து கல்லூசிகள் கீழே தொங்குகின்றன. துளி விழுந்த இடத்தில் தரையிலிருந்து கல்முளை மேலே எழும்புகிறது. சில இடத்தில் இரண்டும் சந்தித்துத் தூணாகிவிட்டன. நீர் சுவரோடு வழிந்த இடங்களில் கல்லே மடிப்பு மடிப்பாக இறங்கி நிற்கிறது. நிறம் வெள்ளை மட்டுமில்லை. மண்ணிலிருந்து வந்த இரும்பு சேர்ந்த இடம் செம்மையும் பழுப்புமாக இருந்தது.

பேரன் ஒரு கல்லூசியைப் பிடிக்கக் கை நீட்டினான். வழிகாட்டி சத்தம் போடாமல் அவன் பக்கத்தில் குனிந்து ஏதோ சொன்னார். அவன் என்னிடம் வந்து, "தொடப்படாதாம் அம்மம்மா, எங்கட கையில இருக்கிற எண்ணெய் பட்டா அது வளராதாம்" என்றான். அது உண்மை. தோலின் எண்ணெய்ப் பசை கல்லில் ஒட்டினால் நீர் அந்த இடத்தில் படிய மாட்டாது, கறுத்தும் போகும். இவ்வளவு நாள் வளர்ந்த ஒன்றை ஒரு பிள்ளையின் உள்ளங்கை நிறுத்திவிடும். அதை அவனுக்கு அதட்டாமல் காரணத்தோடு சொன்னதுதான் எனக்குப் பிடித்தது. வீட்டுக்கு வந்த பிறகும் அவன் அதைத் தகப்பனுக்கும் சொல்லிக் காட்டினான்.

ஓர் அறையில் எல்லோரையும் நிற்கச் சொல்லி விளக்குகளை அணைத்தார்கள். பிறகு ஒரு சிப்பி ஓட்டில் கொழுப்பும் திரியும் வைத்த சின்ன விளக்கை மட்டும் ஏற்றினார்கள். அந்த வெளிச்சம் எவ்வளவு தூரம் போகும் என்று பார்த்துக்கொள்ளச் சொன்னார் அந்தப் பெண். ஆதி மனிதர் பெரும்பாலும் இவ்வளவு ஆழத்தில் குடியிருக்கவில்லை, வாசல் பக்கத்தில்தான் இருந்தார்கள், உள்ளே கரடி இருந்தது என்றார். குகைக்கரடியின் எலும்புகள் அங்கே ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. கழுதைப்புலி, கம்பளிக் காண்டாமிருகம், மம்மூத் யானை, வாள்போல் பல் உள்ள பெரும்பூனை ஆகியவற்றின் எலும்பும் பல்லும்கூட. இங்கிலாந்தில் மம்மூத் யானை!

இதையெல்லாம் தோண்டி எடுத்த கதையை ஆசிரியர்கள் கட்டாயம் அறியவேண்டும். 1820களில் மக்கனரி என்ற கத்தோலிக்கப் பாதிரியார் அங்கே தோண்டினார். சுண்ணாம்பு நீர் படிந்து இறுகிய கல்தரைக்குக் கீழே, அழிந்துபோன மிருகங்களின் எலும்போடு கலந்து, மனிதன் செதுக்கிய தீக்கற்கள் கிடந்ததைக் கண்டார். மனிதனும் அந்த மிருகமும் ஒரே காலத்தில் இருந்திருக்கவேண்டும். உலகத்துக்கு வயது ஆறாயிரம் வருஷம் என்று பலரும் நம்பிய காலம் அது. ஒக்ஸ்போர்ட்டின் பெரிய நிலவியலாளர் பக்லண்ட், பிற்காலத்து ஆட்கள் அடுப்புக் குழி தோண்டியதில் கல்லாயுதம் கீழே போயிருக்கும் என்று சொல்லிவிட்டார். பாதிரியார் தன் குறிப்புகளை முழுமையாக வெளியிடாமலே 1841இல் இறந்துபோனார்.

அப்புறம் வந்தவர் வில்லியம் பெங்கெல்லி. 12 வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுத் தகப்பனின் கப்பலில் வேலைக்குப் போனவர். பிறகு தானாகவே கணிதமும் நிலவியலும் படித்து டோர்க்கியில் பள்ளிக்கூடம் நடத்தினார். ஒரு வாத்தியார்! 1865 முதல் 1880 வரை பதினைந்து வருஷம் அந்தக் குகையைத் தோண்டினார். தோண்டினார் என்றால் மண்வெட்டியால் வாரிக் கொட்டவில்லை. தரை முழுவதையும் ஒரு யார் (மூன்று அடி) நீளம், ஓர் அடி அகலம், ஓர் அடி ஆழம் என்று சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரித்து, எந்தத் துண்டில் எந்த எலும்பு, எந்தக் கல், எந்தப் பல் கிடைத்தது என்று ஒவ்வொன்றாக எழுதி வைத்தார். மக்கனரி சொன்னது சரி என்று நிறுவியதோடு நிற்காமல், அந்தப் பாதிரியாரின் கையெழுத்துக் குறிப்புகளையும் தேடியெடுத்து அச்சிட்டார். இன்றைக்கும் அவருடைய குறிப்பை வைத்து ஓர் எலும்பு எந்த ஆழத்தில் கிடந்தது என்று சொல்ல முடிகிறதாம். நான் அன்று பார்த்ததில் கல்லூசிகளைவிட என்னை அசைத்தது இந்த மனிதரின் பொறுமை. பள்ளிக்கூட ஆசிரியர் ஒருவர் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்து மனித குலத்தின் வயதை மாற்றி எழுதியிருக்கிறார்.

அவர் காலத்துக்கும் முன்பே பார்க்க வந்தவர்கள் சிலர் உள்ளே கல்லில் தங்கள் பெயரைக் கீறியிருக்கிறார்கள். அயர்லாந்தைச் சேர்ந்த ரொபர்ட் ஹெட்ஜஸ் என்பவர் 1688 என்று வருஷமும் போட்டிருக்கிறார். அந்த எழுத்தின் மேல் ஏறக்குறைய இருநூறு வருஷத்தில் எவ்வளவு சுண்ணாம்பு படிந்திருக்கிறது என்று பெங்கெல்லி பார்த்தார். மெல்லிய ஒரு படைதான். அப்படியானால் அடிக்கணக்கில் தடித்த கல்தரை உண்டாக எத்தனை ஆயிரம் வருஷம் சென்றிருக்கும்! ஒரே வேகத்தில் படிவதில்லை என்பதால் இதைக் கணக்காக எடுக்கமுடியாது, ஆனாலும் கேட்டவர்களுக்குக் காலத்தின் நீளம் விளங்கியது. கீறியதால் நன்மை விளைந்ததே என்று எங்கள் பொடியன்கள் யாரும் சாக்குச் சொல்லவேண்டாம். எங்கள் பக்கத்து மலையொன்றில் பாறையின் முகத்தில் காதலர் பெயர்களையும் வருஷத்தையும் எனாமல் பெயின்ற்றால் எழுதியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். அதில் படிப்பதற்கு எந்த ஆய்வாளருக்கும் எதுவும் இல்லை.

1927இல் அதே குகையில் மூன்று பல்லோடு ஒரு மேல்தாடைத் துண்டு கிடைத்தது. டோர்க்கி அரும்பொருள் காட்சிச்சாலையில் வைத்திருக்கிறார்கள். அதற்குக் கீழும் மேலும் கிடந்த மிருக எலும்புகளின் காலத்தைக் கொண்டு கணித்து, அது 41,000 வருஷத்துக்கும் முந்தியது, ஐரோப்பாவின் மிகப் பழைய நவீன மனித எச்சங்களில் ஒன்று என்று 2011இல் ஓர் ஆய்வுக் குழு சொன்னது. அந்தக் கணிப்பில் எல்லா ஆய்வாளரும் ஒத்துப்போகவில்லை. எப்படியிருந்தாலும் அந்த ஊர்ப் பிள்ளைக்கு அந்தத் தாடையைப் பற்றித் தெரியும். பேரனின் வகுப்பில் அதைப் படம் வரைந்து சுவரில் ஒட்டியிருந்தார்கள்.

அங்கே நின்றபோது எனக்கு நினைவு வந்தது பாஹியன்கலை. களுத்துறை மாவட்டத்தில் புளத்சிங்கள பக்கம் இருக்கும் பெரிய கற்குகை. சீனப் பிக்கு பாஹியன் வந்து தங்கிய இடம் என்று ஐதீகம், அதனால் அந்தப் பெயர். 1968இல் தொல்பொருள் திணைக்களத்தின் சிரான் தெரணியகல அங்கே தோண்டினார். பிறகும் பல தடவை தோண்டினார்கள். அங்கே கிடைத்த மனித எலும்புகளில் பழையவை ஏறத்தாழ 38,000 வருஷம் முந்தியவை. தென்னாசியாவிலேயே மிகப் பழைய நவீன மனித எச்சங்கள் அவை. 2020இல் வெளிவந்த ஆய்வொன்று அந்தக் குகையில் எலும்பால் செய்த அம்பு முனைகள் 48,000 வருஷம் வரை பழையவை என்று காட்டியது. ஆப்பிரிக்காவுக்கு வெளியே வில்லும் அம்பும் இருந்ததற்குக் கிடைத்த மிகப் பழைய சான்றுகளில் அது ஒன்று. அம்பு முனைகளில் பல குரங்கின் எலும்பால் ஆனவை. அவர்கள் வேட்டையாடியதும் பெரும்பாலும் குரங்கு, மந்தி, மரஅணில் ஆகியவற்றைத்தான். மரத்துக்கு மரம் தாவும் மந்தியை அம்பால் அடிக்க எவ்வளவு கைத்தேர்ச்சி வேண்டும்! மழைக்காடு மனிதன் நிலைத்து வாழ முடியாத இடம் என்று அறிஞர்கள் நெடுங்காலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கருத்தைப் புரட்டியது இந்தச் சின்ன நாட்டின் குகைகள். தோலோ நாரோ பதப்படுத்தும் கருவிகளும், சிவப்பு மஞ்சள் காவிக்கற்களும், கடற்கரையிலிருந்து வந்த சிப்பியில் செய்த மணிகளும் அங்கே கிடைத்திருக்கின்றன. காட்டுக்குள் இருந்தவர் கழுத்தில் கடல் சிப்பி. கடற்கரை ஊரில் பிறந்த எனக்கு அதை வாசித்தபோது மேலுக்குப் புல்லரித்தது.

ஊருக்குத் திரும்பிய பிறகு தம்பி குடும்பத்தோடு ஒரு வேன் பிடித்து அங்கே போனேன். போகும் வழியில் இரத்தினபுரியில் தங்கினோம். பாஹியன்கலை இப்போது விகாரை வளவுக்குள் இருக்கிறது. செருப்பைக் கழற்றிப் படியேற வேண்டும். குகை வாய் மிகப் பெரிது. உள்ளே படுத்த நிலையில் புத்தர் சிலை. அங்கே கல்லூசி எதுவும் தொங்காது, ஏனென்றால் அது சுண்ணாம்புக்கல் அல்ல. பெரும்பாறை வெயிலிலும் மழையிலும் அடுக்கடுக்காக உதிர்ந்து உண்டான குகை. கல்லூசி பார்க்கவேண்டுமென்றால் எம்பிலிப்பிட்டிய பக்கம் வவுல்பனே குகைக்குப் போகலாம், அது சுண்ணாம்புக் குகை, உள்ளே ஓடை ஓடுகிறது, வௌவால் கூட்டம் கூட்டமாக இருக்கும். பாஹியன்கலையில் கும்பிட வந்த ஒரு முதியவர் எங்களைக் கண்டு எங்கிருந்து வருகிறோம் என்று கேட்டார். மட்டக்களப்பு என்றதும் அவருக்கு ஒரே சந்தோஷம். தோண்டிய இடத்தைக் காட்டி, தனக்குத் தெரிந்ததைச் சிங்களத்தில் சொன்னார். தம்பி எனக்குத் தமிழில் சொன்னான். "அக்கா, இவர் சொல்றார், இதில இருந்தவங்க சிங்களவரும் இல்ல தமிழரும் இல்லையாம்" என்றான். அந்த முதியவர் சொன்னதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

ஏனென்றால் தொல்பொருள் என்ற சொல் எங்கள் பக்கத்தில் ஆட்களை என்ன பாடு படுத்துகிறது என்று உங்கள் வாசகர்களுக்குத் தெரியும். ஒரு மேட்டில் தொல்பொருள் இடம் என்று பலகை நட்டால் அடுத்த போகம் அந்த வட்டையில் வேளாண்மை செய்ய விடுவார்களா என்று கமக்காரன் நித்திரையில்லாமல் கிடக்கிறான். கிழக்கு மாகாணத்துக்கென்று 2020இல் தொல்பொருள் செயலணி நியமிக்கப்பட்டபோது, தமிழரும் முஸ்லிம்களும் பெரும்பான்மையாக வாழும் மாகாணத்துக்கான அந்தக் குழுவில் தொடக்கத்தில் ஒரு தமிழரும் இல்லை, ஒரு முஸ்லிமும் இல்லை. அந்தப் பயத்தையும் கோபத்தையும் நான் ஒரு துளியும் குறைத்துச் சொல்லமாட்டேன். காணி என்பது சோறு.

ஆனால் அந்தப் பயத்தினால் எங்கள் பிள்ளைகள் இந்தப் பாடத்தையே வெறுத்துவிடுகிறார்கள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. இந்தக் குகைகளில் வாழ்ந்த கற்கால மனிதர் பாடப்புத்தகத்தில் பலாங்கொடை மனிதன் என்று வருவார். சோதனைக்குப் பாடமாக்கி எழுதுவார்கள், மறந்துவிடுவார்கள். அந்த மனிதர் யாரென்று எந்தப் பிள்ளையும் கேட்பதில்லை, ஏனென்றால் பலாங்கொடை என்பது அவர்களுக்கு வேறு யாருடைய ஊரோ. பாஹியன்கலையில் இருந்தவர் எந்த மொழி பேசினார் என்று எவராலும் சொல்ல முடியாது. அவர் காலத்தில் புத்த சமயமும் இல்லை, சைவமும் இல்லை, இஸ்லாமும் இல்லை, கிறிஸ்தவமும் இல்லை. பனிக்காலத்தில் கடல் தாழ்ந்திருந்தபோது இலங்கையும் இந்தியாவும் ஒரே தரை. வந்தேறி யார், வராதவர் யார் என்ற சண்டை எல்லாம் அந்தக் குகைத் தரையின் மேல் மண்ணுக்கும் மேலே நடக்கிறது. அந்த எலும்புகளை ஆராய்ந்த கென்னத் கென்னடி என்ற உடற்கூற்று மானிடவியலாளர், அவை இந்த நாட்டின் ஆதிக்குடிகளான வேடருடைய உடலமைப்புக்கு நெருக்கமாக இருப்பதைக் காட்டினார். வேடர் யார்? வாகரைப் பக்கம் கதிரவெளி, பனிச்சங்கேணி, மாங்கேணி ஆகிய ஊர்களில் தமிழ் பேசிக்கொண்டு கடலில் வலை போடும் எங்கள் கரையோர வேடரும் அந்த வழிதானே. என்னிடம் படித்த பிள்ளைகளில் அந்தக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் இருந்தார்கள். வகுப்பில் அதைச் சொல்லக் கூச்சப்பட்டார்கள். இந்த நாட்டில் பெருமைப்படுவதற்கு அவர்களுக்குத்தான் முதல் உரித்து என்று யாராவது அவர்களுக்குக் குகையின் முன் நிறுத்திச் சொல்லியிருந்தால் அப்படிக் கூச்சப்பட்டிருக்க மாட்டார்கள்.

எங்கள் மாவட்டங்களிலும் இப்படியான இடங்களுக்குக் குறைவில்லை. குடும்பிமலையிலிருந்து அம்பாறை இராஜகலை வரை, சமதரையிலிருந்து திடீரென்று எழும்பி நிற்கும் பாறைகளின் அடியில் குகைகளும் கல்லொதுக்குகளும் கிடக்கின்றன. இராஜகலையில் மழைநீர் உள்ளே வழியாமல் குகையின் மேல் விளிம்பில் பள்ளம் வெட்டி, பிராமி எழுத்தில் கல்வெட்டும் பொறித்திருக்கிறார்கள். அது பிற்காலத்துத் துறவிகளின் வேலை. அவர்களுக்கு முன் யாரும் அந்த நிழலில் இருந்ததில்லை என்று எண்ண நியாயமில்லை. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் வேடரோடு தங்கி ஆராய்ந்த செலிக்மன் தம்பதியர், குகைச் சுவர்களில் சாம்பலைக் குழைத்து வேடுவப் பெண்கள் படம் வரைவதைப் பதிவு செய்திருக்கிறார்கள். வேட்டைக்குப் போன ஆண்கள் திரும்பும்வரை காத்திருக்கும்போது வரைவார்களாம். சாம்பலால் வரைந்தது. ஒரு ஈரத்துணி போதும் அதை அழிக்க.

இதனால்தான் புதையல் தோண்டுகிறவர்களை நினைத்தால் வயிறு எரிகிறது. கோழி அறுத்து, மந்திரவாதியைக் கூட்டிவந்து, இரவில் குகைத் தரையைக் கிண்டுகிறார்கள். பொலிஸ் பிடித்த செய்தி உங்கள் பத்திரிகையிலேயே அடிக்கடி வருகிறது. ஆதி மனிதரிடம் பொன் இல்லை. அவரிடம் இருந்தது சாம்பல், எலும்பு, கல் சீவல், தின்ற கொட்டையின் கோது. அவை எந்த அடுக்கில் எதற்கு மேல் எது கிடக்கிறது என்பதில்தான் முழு விஷயமும் இருக்கிறது. ஓர் இரவு மண்வெட்டி போட்டால் நாற்பதாயிரம் வருஷமும் நேற்றும் ஒன்றாகக் கலந்துவிடும். பிறகு பெங்கெல்லியே எழும்பி வந்தாலும் ஒன்றும் செய்யமுடியாது. வௌவால் எச்சத்தை உரத்துக்கு அள்ளுகிறவர்களும் தரையோடு சேர்த்துத்தான் அள்ளுகிறார்கள். 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம் அனுமதியில்லாமல் தோண்டுவதைக் குற்றம் என்கிறது. பலகைக்குப் பயப்படும் நாங்கள், இந்த மண்வெட்டிக்கும் பயப்படவேண்டும். எங்கள் வயலுக்குப் பக்கத்துக் கல்லொதுக்கில் இரவில் வெளிச்சம் தெரிந்தால் கிராம சேவகருக்குச் சொல்ல ஒரு போன் போதும்.

சரி, இனி ட்ரிப் விஷயம். பாஹியன்கலை எங்களுக்குத் தூரம், ஒரே நாளில் முடியாது என்பது உண்மை. ஆனால் எல்லவுக்குப் போகும் பஸ் எப்படியும் இராவணா எல்ல நீர்வீழ்ச்சியில் நிற்கிறது. பிள்ளைகள் தண்ணீரில் கால் நனைத்து, படம் பிடித்து, அவித்த சோளம் வாங்கித் தின்று ஏறிவிடுகிறார்கள். அந்தப் பக்கத்து மலையில்தான் இராவணன் குகை. சீதையை ஒளித்து வைத்த இடம் என்ற கதையைச் சொல்வோம். அங்கே சிரான் தெரணியகலவின் தகப்பன் பி.ஈ.பி. தெரணியகல கற்கால மனிதரின் எச்சங்களையும் கல்லாயுதங்களையும் கண்டெடுத்ததைச் சொல்வதில்லை. பலாங்கொடை மனிதனுக்கு விஞ்ஞானப் பெயர் வைத்தவரும் அவர்தான். ஏறுவது கொஞ்சம் சிரமம், சின்ன வகுப்புகளுக்கு வேண்டாம். தரம் பத்து, பதினொன்று பிள்ளைகள் தாராளமாக ஏறுவார்கள். சிவனொளிபாதமலைக்குக் குருவிட்ட வழியாகப் போகிறவர்கள் அந்தப் பக்கத்துப் பட்டதொம்பலெனவையும் கேட்டு வையுங்கள். பாஹியன்கலைக்கு அடுத்தபடி பேசப்படும் குகை அது. இரத்தினபுரியில் தங்கினால் அங்கே தேசிய நூதனசாலையும் இருக்கிறது. கொழும்புக்குப் போகும் பஸ், மிருகக்காட்சிச்சாலையோடு சேர்த்துக் கொழும்பு நூதனசாலையின் கற்காலக் கூடத்திலும் ஒரு மணித்தியாலம் நிற்கலாம். பாட்டுப் பெட்டியின் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்து, போகும் வழியிலேயே ஓர் ஆசிரியர் எழும்பி நின்று விஷயத்தைச் சொன்னால் பிள்ளைகள் கேட்பார்கள். நான் சொல்லிப் பார்த்திருக்கிறேன், கேட்பார்கள்.

ஆசிரியருக்குச் சொல்லத் தெரியவேண்டுமே என்று கேட்கலாம். அதுதான் பெரிய குறை. இந்த ஆய்வுகள் எல்லாம் ஆங்கிலத்தில் வருகின்றன. சிங்களத்தில் ஓரளவு வருகிறது. எங்கள் பிள்ளைகள் கையில் வைத்துப் பார்க்கக்கூடிய தமிழ்க் கைநூல் ஒன்று வேண்டும். பெரிதாகத் தேவையில்லை. குகை எப்படி உண்டாகிறது, சுண்ணாம்புக் குகைக்கும் எங்கள் கல்லொதுக்குக்கும் என்ன வித்தியாசம், எந்தக் குகையில் என்ன கிடைத்தது, எதைத் தொடக்கூடாது, ஏன் தொடக்கூடாது, தற்செயலாக வயலில் ஒரு கல்லாயுதம் கிடைத்தால் யாரிடம் சொல்வது. இருபது முப்பது பக்கத்தில் படங்களோடு அடங்கிவிடும். கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் வரலாறும் புவியியலும் கற்பிக்கும் அறிஞர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சரிபார்த்துத் தந்தால், வலயக் கல்வி அலுவலகங்கள் அதைப் பாடசாலைகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கலாம்.

அந்த நூல் வரும்வரை உங்கள் பத்திரிகையின் மாணவர் பக்கத்தில் வாரம் ஒரு குகையாவது இடம்பெறட்டும். விஞ்ஞானப் பகுதியை எழுதித் தர நான் ஆயத்தமாக இருக்கிறேன். வரலாற்றுப் பகுதிக்கும் படம் வரைவதற்கும் கைகொடுக்க விரும்பும் ஆசிரியர்கள், மட்டக்களப்பாக இருந்தாலும் அம்பாறையாக இருந்தாலும், தமிழரோ முஸ்லிம்களோ, உங்கள் அலுவலக முகவரிக்கு எழுதினால் அதை எனக்கு அனுப்பிவைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியை,
களுவாஞ்சிகுடி.